அலை ஒன்று, சுருதி பல: கம்பியில்லாக் கருவிகள் பற்றித் தொடக்கநிலையினர்க்கு ஒரு பாடம்

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு ஒழுங்காகத் தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலாகும். அதனையடுத்த பல்லாண்டுகளாக, ஊரில் ஒரு வீட்டிலே வானொலிப் பெட்டி இருப்பின், அயலாரெல்லாம் அவ்வீட்டு விறாந்தையிற் கூடிச் செய்தி கேட்பது வழக்கமாயிருந்தது. இன்றோ, ஒரு வீட்டிற் கம்பியின்றி இயங்குங் கருவிகளை எண்ணத் தொடங்கின் கைவிரல்கள் போதா. கைத்தொலைபேசி, வைபைப் பெட்டி, காதிலணியும் புளூடூத் கருவி, தொலைக்காட்சிக்குரிய றிமோட், கடையிற் காட்டிப் பணஞ் செலுத்தும் வங்கி அட்டை, வழிகாட்டும் ஜிபிஎஸ் என அவை பலவாகும்.

இவற்றைக் கையாளத் தெரிந்தவர் பலர். இவை எங்ஙனம் இயங்குகின்றன என்பதை அறிந்தவர் சிலர். இவ்வறியாமையால் விளையுங் கேடு இரண்டு. ஒன்று, வேண்டாத இடத்தில் அஞ்சுவது. மற்றையது, அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாதிருப்பது. அயலிற் கோபுரம் எழுந்தாற் கலங்குகின்ற நாம், நம் வீட்டு வைபைக்குத் தக்க கடவுச்சொல் இடாது உறங்குகின்றோம். இக்கட்டுரையின் நோக்கம் வாசகரைப் பொறியியலாளராக்குவதன்று. மேற்கூறிய கருவிகள் யாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே என்பதையும், அதனை ஒருமுறை விளங்கிக்கொண்டால் ஏனையவற்றை நாமே ஆராய்ந்து தெளியலாம் என்பதையும் காட்டுவதேயாம்.

அலையின் பிறப்பு

கோயிற் கேணியில் ஒரு கல்லை இடுகின்றோம். கல் விழுந்த இடத்திலிருந்து வட்டவட்டமாக அலைகள் பரந்து கரையை அடைகின்றன. கேணியில் மிதக்கும் ஓர் இலையை நோக்கினால், அது கரைக்கு வாராது, நின்ற இடத்திலேயே எழுந்து தாழ்வதைக் காணலாம். ஆதலின் அலை என்பது நீரின் செலவன்று. அசைவின் செலவு எனத் தெளிக.

கம்பியில்லாக் கருவிகளில் அசைவது நீரன்று. மின்னும் காந்தமும் ஆகும். 1831இல் மைக்கேல் பரடே என்னும் ஆங்கிலப் பௌதிகவியலாளர், கம்பிச் சுருளுக்கு அண்மையிற் காந்தத்தை அசைத்தால் அச்சுருளில் மின்னோட்டம் உண்டாகும் எனக் கண்டார். இவ்வுண்மை யாழ்ப்பாணத்தவருக்கு ஏட்டறிவு மாத்திரமன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதொழிந்து, மின்கலங்களும் கிடைத்தற்கரியனவாயிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவைக்கொண்டு வானொலி கேட்டவர் எத்துணைப் பேர்! தைனமோவினுட் சுழல்வது காந்தம். அதனைச் சூழ்ந்திருப்பது கம்பிச் சுருள். அதிலிருந்து பிறப்பது முன்னும் பின்னுமாய் மாறுகின்ற ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவதோ ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். ஆகவே, ஓட்டத்தை ஒருபுறம் மாத்திரஞ் செல்லவிடும் இருவாயி என்னுஞ் சிற்றுறுப்புகளை இடையிற் பொருத்திக்கொண்டனர். பரடேயின் விதியை அறிந்த ஒருவர் அயலில் இருந்தமையால், அவ்வயலார்க்கு உலகச் செய்தி கிடைத்தது. அறிவின் பயன் இதுவேயன்றோ?

பரடேயின் ஆய்வுகளைக் கணிதவடிவில் அமைத்த ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல், மாறுகின்ற மின்புலமும் மாறுகின்ற காந்தப்புலமும் ஒன்றையொன்று தோற்றுவித்துக்கொண்டு வெளியில் அலையாய்ச் செல்லும் என்றும், ஒளியும் அத்தகைய அலையே என்றும் 1865இல் வெளியான தம் கட்டுரையில் நிறுவினார். 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியிலே ஹென்றிக் ஹேட்ஸ் இவ்வலைகளைத் தம் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1895இற் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவருக்கு அப்பாலிருந்த மணியை இவ்வலைகளால் ஒலிப்பித்தார். 1901இல் மார்க்கோனி, இங்கிலாந்திலிருந்து விடுத்த குறியை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாற் பெற்றதாக அறிவித்தார். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கருவிகள் யாவும் இவ்வரிசையின் வழித்தோன்றல்களே.

மீடிறனும் அலைநீளமும்

கம்பியொன்றிலுள்ள இலத்திரன்களை முன்னும் பின்னுமாக விரைந்து அசையச் செய்தால் அக்கம்பியிலிருந்து மின்காந்த அலை புறப்படும். ஒரு செக்கனில் எத்தனை முறை அசைவு நிகழ்கின்றதோ அத்தொகையை மீடிறன் என்கின்றோம். தமிழகத்தார் அதிர்வெண் என்பர். செக்கனுக்கு ஓர் அசைவு ஒரு ஹேட்ஸ். பத்து இலட்சம் அசைவு ஒரு மெகாஹேட்ஸ். அடுத்தடுத்த இரு அலைமுடிகளுக்கிடையேயுள்ள தூரம் அலைநீளம் எனப்படும்.

இவ்வலைகள் யாவும் வெளியிற் செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் வேகத்திற் செல்வன. வேகம் ஒன்றாயிருத்தலின், அசைவு மிகுந்தால் அலைநீளங் குறையும். மாணவர் மனத்திற் பதிக்கவேண்டிய எளிய கணக்கு இது: 300 என்னும் எண்ணை மெகாஹேட்ஸில் தரப்பட்ட மீடிறனால் வகுத்தால், மீற்றரில் அலைநீளங் கிடைக்கும். மத்திய அலை வானொலியில் 1 மெகாஹேட்ஸ் நிலையத்தின் அலைநீளம் 300 மீற்றர். பண்பலை வானொலியில் 100 மெகாஹேட்ஸ் நிலையத்தின் அலைநீளம் 3 மீற்றர். வைபை இயங்கும் 2,400 மெகாஹேட்ஸிற்கு அலைநீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர்.

அலைவாங்கிகள் பெரும்பாலும் அலைநீளத்தின் பாதி அல்லது காற்பங்கு அளவினவாய் அமைக்கப்படுவன. பண்பலை வானொலியின் நீட்டிக்கொள்ளும் கம்பி முக்கால் மீற்றரளவாயிருப்பதும், வைபைக்கு மூன்று சென்ரிமீற்றரே போதியதாயிருப்பதும் இதனாலேயே. முற்காலத்தில் இரு தென்னைகளுக்கிடையே அலைவாங்கிக் கம்பி கட்டியவர்கள், கைத்தொலைபேசியில் அத்தகைய கம்பி எதுவும் இல்லாமை கண்டு வியப்பர். அலைவாங்கி இல்லாமற் போகவில்லை. அலை குறுகியமையால் அதுவுங் குறுகிக் கருவியின் உள்ளே மறைந்துவிட்டது.

அலைநீளத்தின் பயனை அடுக்களையிலுங் காணலாம். நுண்ணலை அடுப்பு 2,450 மெகாஹேட்ஸ் அலையால் உணவைச் சூடாக்குவது. அதன் கதவிலுள்ள உலோக வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீற்றர் அகலத்தன. ஒளியின் அலைநீளம் மிகச் சிறியதாதலின் அது துளைவழி வெளிவர, உள்ளிருக்கும் உணவை நாம் காண்கின்றோம். பன்னிரண்டு சென்ரிமீற்றர் அலையோ அவ்வலையைக் கடந்து வரமாட்டாது உள்ளேயே தங்குகின்றது.

சுருதி சேர்தல்

நம்மைச் சூழ்ந்த வெளியில் இக்கணத்தில் எண்ணற்ற அலைகள் செல்கின்றன. அவற்றுள் வேண்டிய ஒன்றை மாத்திரங் கருவி எவ்வாறு தெரிந்தெடுக்கின்றது? ஒரே சுருதியில் அமைந்த இரண்டு தம்புராக்களை அருகருகே வைத்து ஒன்றை மீட்டினால், மற்றையதன் தந்தியும் தானே அதிரும். சுருதி வேறாயின் அதிராது. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைந்த வேளைகளில் மெல்லத் தள்ளினாலும் அது உயர எழும். இசைவின்றித் தள்ளினால் எழாது. இவ்வியல்பு பரிவு எனப்படும்.

வானொலியில் தந்தியின் இடத்தில் நிற்பவை ஒரு கம்பிச் சுருளும், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவி என்னும் உறுப்புமாம். இவ்விரண்டுஞ் சேர்ந்த சுற்றுக்கு இயல்பான ஒரு மீடிறன் உண்டு. வானொலியின் குமிழைத் திருப்பும்போது நாம் செய்வது, அச்சுற்றின் மீடிறனை வேண்டிய நிலையத்தின் மீடிறனோடு சுருதி சேர்ப்பதேயாம். கைத்தொலைபேசியிற் குமிழ் இல்லை; அதனுள்ளிருக்குங் கணிப்பொறி தானே சுருதி சேர்த்துக்கொள்கின்றது.

அலைமேற் செய்தியை ஏற்றல்

சீராக ஓடும் அலை ஊர்தி போன்றது. அதில் ஏறவேண்டியது செய்தி. ஒலியின் ஏற்றவிறக்கத்துக்கேற்ப அலையின் உயரத்தை மாற்றுவது ஒரு முறை. மத்திய அலையுஞ் சிற்றலையும் அவ்வாறு ஒலிபரப்புவன. மின்னல் முதலியனவும் அலையின் உயரத்தையே குழப்புமாதலின், மழைக்காலத்தில் அவற்றிற் கரகரப்பு மிகும். உயரத்தை மாற்றாது மீடிறனையே சிறிது கூட்டியுங் குறைத்தும் செய்தியை ஏற்றுவது பண்பலை. அதன் ஒலி தெளிவாயிருத்தற்குக் காரணம் இதுவே.

இக்காலக் கருவிகள் மூன்றாவதாகிய இலக்கமுறையைக் கையாள்வன. தொலைபேசியில் நாம் பேசும் ஒலி செக்கனுக்கு 8,000 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 0, 1 என்னும் இரு குறிகளால் ஆகிய எட்டிலக்க எண்ணாக எழுதப்படுகின்றது. இம்முறையில் ஒரு செக்கன் பேச்சு 64,000 குறிகளாகும். கைத்தொலைபேசி இவற்றை மேலுஞ் சுருக்கியே அனுப்பும். குறி இரண்டேயாதலின், வழியில் அலை சிறிது குலைந்தாலும் பெறுங் கருவி அதனை 0 என்றோ 1 என்றோ திருத்தி அறிந்துகொள்ளும். படமும் பாட்டுங் கடிதமும் எண்களாய் மாறிய பின்னர் அவற்றிடையே வேறுபாடில்லை. வானொலி, தொலைபேசி, ஒளிப்படக் கருவி, கடிகாரம் ஆகியன ஒரே பெட்டியினுள் அடங்கிய இரகசியம் இதுதான்.

இவ்வளவு கணக்கையும் சிறுபொழுதிற் செய்வது திரான்சிற்றர். 1947இல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் விற்பனைக்கு வந்த முதலாவது திரான்சிற்றர் வானொலியில் அத்தகைய உறுப்புகள் நான்கே இருந்தன. இன்றைய உயர்தரக் கைத்தொலைபேசியின் நடுச் சில்லில் ஆயிரங்கோடிக்கு மேற்பட்டவை பொறிக்கப்பட்டுள்ளன.

கருவிகள் சில

இனிக் கருவிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். நான்காந் தலைமுறைக் கைத்தொலைபேசி அனுப்பும் உச்ச வலு ஏறத்தாழ 0.2 உவாற்று மாத்திரமே. இச்சிறு வலுவைக்கொண்டு அது நெடுந்தூரம் பேசமாட்டாது. ஆகவே நாடு முழுவதுஞ் சிறு சிறு வட்டகைகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கோபுரம் நிறுத்தப்படுகின்றது. ஒன்றற்கொன்று சேய்மையிலுள்ள இரு கோயில்களில் ஒரே வேளையில் நாதசுரம் வாசித்தால் ஒன்றையொன்று குழப்பாதவாறு போல, தூரத்து வட்டகைகள் ஒரே மீடிறனைப் பயன்படுத்தலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பேருந்திற் செல்வோர் பேசிக்கொண்டே போகையில், அவர் பேச்சை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்கின்றது. அவ்வொப்படைப்பை அவர் உணர்வதுமில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் வேண்டும். கனடாவிலும் இலண்டனிலுமுள்ள பழைய மாணவரோடு நாம் பேசும் பேச்சு விண்கோள்வழிச் செல்வதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது வான்வழிச் செல்வது கோபுரம் வரையிலேயே. அப்பால், கொழும்பிலும் மாத்தறையிலுங் கரையேறுங் கடலடிக் கம்பிவடங்களின் கண்ணாடியிழைகளினூடே ஒளித்துடிப்பாகச் செல்லுகின்றது. கம்பியில்லாப் பேச்சு என்பது பெரும்பாலும் கம்பிவழிப் பேச்சே. அதன் இரு நுனிகளுமே கம்பியற்றவை.

வைபை என்பது வீட்டளவான ஒரு சிறு வானொலி நிலையம். அது 2,400 மெகாஹேட்ஸ் அண்மையிலும் 5,000 மெகாஹேட்ஸுக்கு மேலும் இயங்குவது. முன்னையது சுவர்களை ஓரளவு ஊடுருவும். பின்னையது விரைவு மிக்கதெனினுஞ் சுவரில் மெலியும். ஆகவே வைபைப் பெட்டியை வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வைத்தல் நன்று. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னும், நுண்ணலை அடுப்புக்கு அருகிலும் வைத்தல் ஆகாது. புதிய பெட்டி வாங்குமுன், பழையதை இடம் மாற்றிப் பார்த்தல் செலவற்ற மருந்தாகும்.

புளூடூத் என்னும் பெயர் பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட அரசர் ஒருவரின் பட்டப்பெயர். இதுவும் 2,400 மெகாஹேட்ஸ் அண்மையிலேயே இயங்குகின்றது. வைபையோடு மோதாதிருத்தற்பொருட்டு, அதன் வழமையான முறையில், 79 வழிகளிடையே செக்கனுக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசும். தாவும் ஒழுங்கு பிணைக்கப்பட்ட இரு கருவிகளுக்குந் தெரியும். நாம் முதலிற் செய்யும் பிணைப்பு அவ்விரண்டையும் ஒன்றற்கொன்று அறிமுகஞ் செய்விப்பதாகும்.

ஜிபிஎஸ் விண்கோள்கள் புவிக்குமேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுகின்றன. அவை நேரத்தை ஓயாது அறிவித்துக்கொண்டிருக்க, நம் கருவி நான்கு விண்கோள்களையேனுங் கேட்டு, ஒவ்வொன்றின் குரலும் எவ்வளவு தாமதித்து வந்தது எனக் கணித்துத் தன் இடத்தை அறிகின்றது. நேரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும். விண்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது என்பது பிழை; அது பேசுகின்றது, நம் கருவி கேட்கின்றது.

வங்கி அட்டையில் மின்கலம் இல்லை. கடையிலுள்ள பெட்டி 13.56 மெகாஹேட்ஸில் மாறுகின்ற காந்தப்புலத்தை உண்டாக்க, அட்டையினுள்ளிருக்குஞ் சுருளில் மின் பிறந்து அதன் சில்லை இயக்குகின்றது. சில சென்ரிமீற்றருக்குள் மாத்திரமே இது நிகழும். துவிச்சக்கர வண்டியின் தைனமோவும் இவ்வட்டையும் பரடேயின் ஒரே விதிக்கு அடங்கியவை.

அச்சமும் அவதானமும்

கதிர் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் எக்ஸ் கதிரை நினைந்து அஞ்சுவோர் உளர். எக்ஸ் கதிர், அணுவிலிருந்து இலத்திரனைப் பெயர்த்தெடுக்கும் ஆற்றலுடையது; அதனால் உயிரணுக்களைச் சிதைக்கவல்லது. வானொலி, கைத்தொலைபேசி அலைகளுக்கு அவ்வாற்றல் இல்லை; அவற்றின் மீடிறன் கட்புலனாகும் ஒளியினுடையதினும் மிகக் குறைந்தது. அவை ஐயமின்றிச் செய்வதாக அறியப்பட்டது சிறிது சூடாக்குதலே. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம், போதிய சான்றில்லையாயினும் முற்றாக விலக்கவும் இயலாதவை என்ற கருத்தில், இவற்றை ஐயத்துக்குரிய வகுப்பிற் சேர்த்தது. எனவே, கலங்குதலும் வேண்டா. அளவின்றிக் காதோடு சேர்த்து வைத்திருத்தலும் வேண்டா. தூரம் இருமடங்கானால் அலையின் செறிவு நாலிலொன்றாகும் என்பதை நினைவிற் கொள்க. மேலும், கோபுரம் சேய்மையிலிருந்தால் கைத்தொலைபேசி தன் வலுவைக் கூட்டியே பேசும். கோபுரத்தைத் தொலைவில் நிறுத்துதல் காதருகே கதிரைக் கூட்டுவதாகவும் முடியலாம்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. நம் வளவுக்குக் கிடுகுவேலி உண்டு. அலைக்கு வேலி இல்லை. வைபை அலை ஒழுங்கையில் நிற்பவனுக்குங் கிடைக்கும். அதனைக் காப்பது சுவரன்று. செய்தியை மறைகுறியாக மாற்றுங் கணிதமும், அதனைத் திறக்குங் கடவுச்சொல்லுமே. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றி, ஊகித்தற்கரிய நீண்டதொன்றை இடுதல் வேண்டும். பெயரும் பிறந்த ஆண்டும் ஆகா. பேருந்து நிலையத்திலும் உணவுச்சாலையிலும் இலவசமாகக் கிடைக்கும் வைபையில் வங்கி அலுவல் பார்த்தலைத் தவிர்த்தல் நன்று.

செய்து பார்க்க

மாணவர் பின்வரும் மூன்றையுஞ் செய்து பார்க்கலாம். முதலாவது, கைத்தொலைபேசியை அலுமினியத் தாளால் இடைவெளியின்றிப் பலமடிப்பாகச் சுற்றி, வேறொன்றிலிருந்து அழைத்து நோக்குக. பின்னர்ச் சிறு இடைவெளி விட்டு நோக்குக. இரண்டாவது, தொலைக்காட்சி றிமோட்டின் நுனியைக் கைத்தொலைபேசியின் முன்பக்கப் படக்கருவிக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துக. செந்நிறத்துக்குக் கீழ்ப்பட்டு, கண்ணுக்குப் புலனாகாத கதிர் பெரும்பாலான கருவிகளில் மினுங்கித் தோன்றும். மூன்றாவது, மத்திய அலையில் எட்டிய நிலையம் ஒன்றைப் பிடித்து, வானொலியை மெல்லத் திருப்பி, எத்திசையில் ஒலி குறைகின்றது எனக் குறிக்க. உள்ளிருக்கும் அலைவாங்கிச் சுருளின் கிடையை அதனால் அறியலாம். ஒவ்வொன்றிலும் கண்டதையும், அதற்குக் காரணம் எனக் கருதியதையும் கொப்பியில் எழுதுக.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். வீடுகளிற் பழுதாய்க் கிடக்கும் மின்கல வானொலிகளைக் குப்பையில் இடாது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவைப்பீர்களாக. ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் அவற்றைக் கழற்றிப் பார்க்கட்டும். சுருளையும் கொள்ளளவியையும் இருவாயியையும் கையாலே தொட்டு அறியட்டும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியின் மின்கலத்தையும் மாத்திரந் திறக்கவேண்டா; அவை ஆபத்து விளைப்பன. கருவிகள் ஆண்டுதோறும் மாறும். இன்று நாம் எழுதிய பெயர்கள் அடுத்த விழாமலரில் வழக்கொழிந்தும் போகலாம். பரடேயும் மக்ஸ்வெலும் கண்ட விதிகள் அவ்வாறு ஒழிவனவல்ல. அவற்றைக் கற்ற மாணவன் எக்கருவியையும் வாங்குவோனாய் மாத்திரம் நில்லாது, திருத்துவோனாகவும் ஆக்குவோனாகவும் வளர்வான்.